மண் உறையாத ஊரின் விதிப்புத்தகம்

கெல்ஸ்பி பள்ளி அலுவலகத்தின் கதவு வடக்குக் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, விடுப்பு விதிப்புத்தகத்தைத்தான் முட்டுக்கொடுத்திருந்தார்கள். அவ்வளவு கனம். காற்றில் இரண்டு பசுமாடுகள் பறந்துபோன குளிர்காலத்தில்கூட அந்தக் கதவு அசையவில்லை. அதை முழுதாகப் படித்தவள் வடக்கு டகோட்டா மாநிலத்திலேயே ஆர்டிஸ் க்வாமி ஒருத்திதான். பள்ளிச் செயலாளர். காய்ச்சலில் தட்டச்சு இயந்திரம் உருகும்வரை வேலை பார்ப்பாளே தவிர, தனக்கென்று ஒருநாளும் விடுப்பு எடுக்க மாட்டாள்.

ஓர்வில் ஹாக்ருட் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுவார், நடுவில் கொதிகலனைப் பார்த்துக்கொள்வார். அவர் மனைவி அயோனி நோயில் படுத்த இலையுதிர்காலம் முழுக்கக் குடும்ப விடுப்பில் அவள் கட்டிலருகே இருந்தார். அது தீர்ந்தபோது ஆசிரியர்களும் சமையற்கட்டுப் பெண்களும் தங்கள் நோய் விடுப்பை அவர் பெயருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அயோனி ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். அவள் மூச்சு நின்ற நாளோடு பராமரிப்பு விடுப்பும் நின்றது. மிச்சமிருந்த தானத்தை விதிப்படி திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரியில் அங்கே காப்பி, கோப்பையிலிருந்து உதட்டுக்கு வருவதற்குள் உறைந்துவிடும். மண் இரும்பு. குழி வெட்டப் போனவனின் கடப்பாரை வளைந்து அவனையே பார்த்ததாம். ஆகவே குளிர்காலத்தில் இறந்தவர்களைத் தேவாலயத்தில் வழியனுப்பிவிட்டு, பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தில் அதற்கென்றே கட்டிய கல்கட்டு அறையில் வைத்துவிடுவார்கள். மண் இளகிய பிறகுதான் அடக்கம். அயோனியும் அங்கே காத்திருந்தாள்.

துக்க விடுப்பு மூன்று நாள். ஒரு நாளையாவது வசந்தத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஓர்வில் அப்போதே கேட்டார். இறந்த வாரத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதி என்றாள் ஆர்டிஸ். அந்த வரியை எழுதியவர்கள் தெற்கே, மண் உறையாத ஊரில் இருந்தவர்களாம். அவர் மூன்றையும் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து, அயோனியின் மேலங்கி தொங்கிய ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் மண் இளகியது. கடல் கடந்த ராணுவ முகாமிலிருந்து மகன் பிராண்ட் குறுகிய விடுப்பில் வந்தான். தாயின் இறுதி வழிபாட்டுக்கு அவனை விடவில்லை, அடக்கத்துக்காவது விட்டார்கள். சனிக்கிழமை என்று முடிவாயிற்று. சனிக்கிழமைக்கு யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டாம்.

வியாழக்கிழமை காலை முகாமிலிருந்து தொலைபேசி வந்தது. படை முன்கூட்டியே நகர்கிறது, பிராண்ட் இன்று மாலையே ஃபார்கோ நகரில் விமானம் ஏற வேண்டும். குழியில் ஊறிய தண்ணீரை இறைத்து முடிக்கவே மதியம் தாண்டும் என்றான் குழி வெட்டுபவன். அடக்கம் மூன்று மணிக்கு. பேருந்து புறப்படுவதும் மூன்று மணிக்கு.

ஓர்வில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அலுவலகத்தில் வந்து நின்றார். ஆர்டிஸ் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். காற்று உள்ளே வந்து காகிதமெல்லாம் கூரைக்குப் போயிற்று. அவள் கவனிக்கவில்லை. துக்க விடுப்பு காலாவதி. படையில் இருப்பவரின் பெற்றோருக்கு என்று ஒரு விடுப்பு இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதுவும் குடும்ப விடுப்பும் ஒரே வாளித் தண்ணீர், அயோனியின் கட்டிலருகே அந்த வாளி காலியாகியிருந்தது.

பள்ளிக் கண்காணிப்பாளர் ருசிக்கா கெட்ட மனிதர் அல்ல. சட்டப்படியான விடுப்பு என்றால்தான் பக்கத்து ஊர்ப் பள்ளி ஓட்டுநரை இரவல் தரும் என்று சொல்லிவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆர்டிஸ் குரலைத் தாழ்த்தினாள். "ஜனவரிக்கு அப்புறம் சேந்த நோய் விடுப்பு இருக்கு ஓர்வில். ரெண்டு தடவ இருமு, போதும். நான் எழுதிக்கறேன்."

ஓர்வில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொய் சொல்லிட்டு அவளப் பொதைக்கப் போகச் சொல்றியா? முப்பது வருஷம் நான் என்ன பொய் சொன்னாலும் கண்டுபிடிச்சிருவா. இப்ப மட்டும் விட்டுருவாளா?"

"அப்ப பிள்ளைங்கள அவங்கவங்க வீட்ல வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

"விதைப்பு நேரம். எல்லாரும் டிராக்டர் மேல இருக்காங்க, யாரு போன எடுப்பா? நான் ஓட்டுறேன் ஆர்டிஸ். நீ அங்க போய் நில்லு. பையன் தனியா நிக்கக் கூடாது."

வாழ்நாளில் முதல்முறையாக ஆர்டிஸ் அரைநாள் விடுப்பு எழுதினாள். ருசிக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, லெவல் கிராசிங் ஓரத்தில் இருந்தது. பிராண்ட் சீருடையில், சேற்றில் கணுக்கால்வரை புதைந்து நின்றான். போதகர் குவென் வாசிக்கத் தொடங்கியபோது மஞ்சள் பேருந்து வந்தது. பிள்ளைகளை ஏற்றிய பேருந்து எந்தத் தண்டவாளத்துக்கு முன்பும் நின்று, கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும். அது சட்டம். அந்த நேரம் பிள்ளைகளும் பேசக் கூடாது. பேருந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே நாற்பது வாய்கள் மூடின.

எவ்வளவு நேரம் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

குவென் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குழிக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்துத் திரும்பி நின்று, கனடா எல்லைவரை கேட்கும்படி வாசித்தாள். ஓர்வில் இருக்கையை விட்டு எழவில்லை. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது ஓட்டுநர் இறங்கக் கூடாது. தொப்பி மட்டும் மடியில் இருந்தது.

வாசிப்பு முடிந்ததும் பிராண்ட் ஒரு கை மண்ணை அள்ளினான். குழியில் போடாமல் சாலைக்கு நடந்தான். ஆர்டிஸுக்கு அங்கிருந்து பேச்சு கேட்கவில்லை. பேருந்துப் படியில் ஏறி அவன் கையை நீட்டியதும், ஓர்வில் அந்த மண்ணைத் தன் உள்ளங்கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்ததும், திரும்ப மகன் கையில் போட்டதும் மட்டும் தெரிந்தது. பிராண்ட் வந்து குழியருகே மண்டியிட்டு அதை இறக்கினான். அதன் பிறகே பேருந்தின் கதவு மூடியது. அது தண்டவாளத்தை மெதுவாக, நிறைந்த பால் வாளி தளும்பக்கூடாது என்பதுபோலக் கடந்து போயிற்று.

பிராண்ட் தேவாலயத்துக் காப்பியையும் பன்றிக்கறி சாண்ட்விச்சையும் தொடாமல் காரில் ஏறினான். ஓர்வில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வந்தபோது தேவாலயத்தில் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ருசிக்கா ஆர்டிஸின் மேசைக்கு வந்தார். பேருந்து தாமதம் என்று யாரோ தொலைபேசியில் சொன்னார்களாம்.

"லெவல் கிராசிங்ல நின்னாரு சார். நின்னு கேக்கணுமே."

"அந்தத் தண்டவாளத்துல ரயில் போயி பத்து வருஷம் ஆகலையா?"

"ஆச்சு சார். அதான் ரொம்ப நேரம் கேக்க வேண்டியதாப் போச்சு."

ருசிக்கா தலையசைத்துவிட்டு உள்ளே போனார். வாசலில் ஓர்வில் கொதிகலன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தார். வலதுகையை ஒரு பக்கமாக, எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். அதை இன்னும் அவர் கழுவவில்லை.