பட்டியலில் இல்லாத பொட்டலம்

பெட்டிகளுக்குள் வெள்ளைப் பொடி இருக்கிறது என்று குத்தூஸ் பாய் போனில் சொன்னபோது மத்தியானம் மணி இரண்டரை. அது என்ன பொடி என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இருந்தும், "என்ன பொடிங்க பாய்?" என்று கேட்டேன். பயம் வந்தால் வாய் முந்திக்கொண்டு பொய் சொல்லிவிடுகிறது.

"தெரியலையேம்மா. தெர்மோகோலைக் குடைஞ்சு உள்ள சொருகியிருக்குது. பெட்டிக்கு ஒண்ணு, நாப்பது பெட்டிக்கு நாப்பது. சின்னச் சின்ன ஜிப் கவரு. கஸ்டம்ஸ்காரங்க எல்லாத்தையும் மேசைமேல அடுக்கி போட்டோ எடுத்துட்டாங்க. கதிரேசன் பாஸ்போர்ட்டை வாங்கிட்டு, ஆளை ஒரு ரூம்ல உக்கார வச்சிருக்காங்க."

மேசையைப் பிடித்துக்கொண்டேன். கதிரேசன் என் வீட்டுக்காரர்.

நாங்கள் இரண்டு பேரும் மதுக்கரை ரோட்டில் ஒரே மோட்டார் கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் ஃபிட்டர். நான் ஏற்றுமதிப் பிரிவில் பேக்கிங் லிஸ்ட் போடுகிறவள். எந்தப் பெட்டியில் என்ன போகிறது, எத்தனை போல்ட், எத்தனை வாஷர் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. பட்டியலில் இல்லாத ஒரு குண்டூசிகூடப் பெட்டிக்குள் போகக் கூடாது என்று புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு வகுப்பு எடுப்பவளும் நானேதான். ஊருக்கு உபதேசம்.

அந்த நாற்பதும் தண்ணீர் இறைக்கிற சோலார் மோட்டார்கள், நைஜர் நாட்டு விவசாயிகளுக்கு. நைஜருக்குக் கடல் கிடையாது. பக்கத்து நாடான பெனினில் கப்பலிலிருந்து இறக்கி, எழுநூறு கிலோமீட்டர் லாரியில் கொண்டுபோய், மலன்வில் என்கிற எல்லையூரில் ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். 2023இல் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அக்கம்பக்கத்து நாடுகள் எல்லாம் கூடிப் பேசி எல்லைகளை மூடின. பிறகு தடையை எடுத்தார்கள், பெனினும் தன் பக்கத்தைத் திறந்தது. நைஜர் திறக்க மாட்டேன் என்றது. உங்கள் பக்கமிருந்து எங்களைக் கெடுக்க ஆள் வருகிறது என்று நைஜர்காரர்கள் சொன்னார்கள், அப்படி யாரும் இல்லை என்று பெனின்காரர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கம் பங்காளிச் சண்டை முற்றினால் வண்டித்தடத்தின் நடுவில் கல்லை நட்டுவிடுவார்கள். இதுவும் அதுதான். கல்லுக்குப் பதில் பாலத்தில் கன்டெய்னர் பெட்டியை வைத்திருந்தார்கள்.

மோட்டாரை மாட்டிக் கொடுத்துப் பழக்கிவிட்டு வருவதற்காக அவரைக் கம்பெனி அனுப்பியது. ஒன்றரை மாதம் என்றார்கள். போய்ச் சேர்ந்தவர் பத்தொன்பது நாளாக மலன்வில்லில் லாரிக்குப் பக்கத்திலேயே கிடந்தார். கடைசியில் அக்கரை விவசாயிகள் சங்கம் எங்கேயோ கெஞ்சிக் கூத்தாடி, பெட்டிகளைப் படகில் கொண்டுவர அனுமதி வாங்கியது. படகில் ஏற்றுவதற்கு முன்னால் பெனின் கஸ்டம்ஸ்காரர்கள் சோதனை போட்டிருக்கிறார்கள். இரண்டு நாடும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிற நேரம். நாற்பது பொட்டலம் வெள்ளைப் பொடி!

அது திருநீறு.

அவர் போவது உறுதியானதுமே எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த நாட்டுப் பெயரை போனில் தட்டினால் துப்பாக்கியும் எரிந்த லாரியும்தான் வந்தன. அமாவாசையன்று ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மன் காலடியில் நின்று அழுதுவிட்டு, திருநீறு வாங்கி வந்தேன். அவரிடம் கொடுத்தால் வாங்க மாட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நெற்றியில் ஒரு கீற்று வைத்துக்கொள்ளாத மனுஷர். அவரோடு போகிற பெட்டிகளிலாவது அம்மன் இருக்கட்டும் என்று நினைத்தேன். கடல்காற்றில் நமுத்துவிடக் கூடாதே என்று, ஸ்க்ரூ போடுகிற ஜிப் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் அமுக்கி மூடி, பெட்டிக்கு ஒன்றாகத் தெர்மோகோலுக்குள் சொருகினேன். புத்திசாலி! காகிதத்தில் மடித்து வைத்திருந்தால்கூடப் பார்ப்பவனுக்குச் சாமி சமாச்சாரம் என்று தோன்றியிருக்கும்.

குத்தூஸ் பாய் உக்கடத்துக்காரர், பெனினில் இருபது வருஷமாகச் சரக்கு ஏஜெண்ட். பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு. கதிரேசனுக்குத் துணையாக அவரும் மலன்வில்லில்தான் இருந்தார். "இங்க ரெண்டு மணிக்கு, அதாவது உங்களுக்கு ஆறரைக்கு, ஆபீசர் வண்டி தலைநகர் பக்கம் கிளம்புது. அதுக்குள்ள கம்பெனி லெட்டர்ல இது என்னன்னு எழுதி அனுப்போணும். இல்லேன்னா பொடியோட சேர்த்து ஆளையும் ஏத்திடுவாங்க. லேப்ல பாத்து ரிசல்ட் வர எத்தனை வாரமோ. அதுவரைக்கும் உள்ளதான்" என்றார்.

பிரவீனா மேடத்திடம் ஓடினேன். கம்பெனி அவர்களுடையது. அப்பாவுக்குப் பிறகு எடுத்து நடத்துகிறார்கள். வயது முப்பத்திரண்டு, யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் வெளுத்தது.

"யாரு வெச்சது?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடும், போலீஸ் வரும், ஏழு வயது மகள் இனியாவை யார் பார்ப்பார்கள் என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடியது. "தெரியலீங்க மேடம்" என்றேன். கட்டின புருஷனை ஐயாயிரம் மைலுக்கு அப்பால் பூட்டி வைத்திருக்கும்போது சொன்னேன் இதை.

அவர்கள் வக்கீலுக்குப் போன் போட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் பேசினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள்.

"மதி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. இது போதைப்பொருள் கேசுன்னு ஆச்சுன்னா கம்பெனியே இழுத்து மூட வேண்டியதுதான். முன்னூறு குடும்பம் இருக்குது. அதனால, கம்பெனிக்குத் தெரியாம அவர் சொந்தமா வெச்சிருக்கலாம்னு எழுதிக் கொடுத்தர்றோம். பொறவு நல்ல வக்கீலா வெச்சு அவரை நாமளே வெளிய எடுத்துப்போடலாம். நான் பொறுப்புங்க."

"சரிங்க மேடம்."

"டைப் பண்றீங்களா? வேற யாருக்கும் தெரிய வேண்டாம் பாருங்க."

டைப் அடித்தேன். 'மேற்படி பொட்டலங்கள் எங்கள் நிறுவனம் வைத்தவை அல்ல. சரக்குடன் வந்த எங்கள் ஊழியர் கதிரேசனே அவற்றுக்குப் பொறுப்பு' என்று ஆங்கிலத்தில் அவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். அச்செடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்கள். சீல் வைத்தவளும் நான்தான். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு என் கையைப் பிடிக்காது.

மணி ஐந்தேகால். கடிதத்தை ஸ்கேன் செய்து, அனுப்பு என்கிற பொத்தானுக்கு மேல் விரலை வைத்தேன். விரல் இறங்கவில்லை. அனுப்பினால் அவர் ஜெயிலுக்குப் போவார், நான் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். இனியா, அப்பா எங்கே என்று கேட்பாள். அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை, திரும்ப மேடம் அறைக்குப் போய் நின்றேன்.

"நாந்தானுங்க வெச்சேன். ஆனைமலைத் துண்ணூறுங்க மேடம். அவுருக்குத் தெரியாதுங்க."

மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்கள்.

"நாப்பது பெட்டிலயுமா?"

"எந்தப் பெட்டியை அவர் எப்பத் தொடுவாருன்னு தெரியாதுங்களே."

"அறிவிருக்குதா உனக்கு?" வாங்க போங்க எல்லாம் பறந்துவிட்டது. "எக்ஸ்போர்ட்ல பத்து வருஷமா இருக்கே. துண்ணூறுன்னு எழுதினா அந்த ஆபீசர் நம்புவானா? எவனாச்சும் நம்புவானா?"

எனக்கும் அந்தக் கேள்விதான். "அப்ப நான் சொல்றனுங்க. வீடியோல என் மூஞ்சியைப் பாத்தா நம்புவாங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. மேடம் அந்தக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார்கள். எனக்காகவா, கம்பெனிக்காகவா என்று நான் கேட்கவில்லை.

குத்தூஸ் பாய் எப்படியோ ஆபீசரை வீடியோவுக்குச் சம்மதிக்க வைத்தார். மணி ஆறு. திரையில் ஒரு நீலச் சுவர், மேசை, மேசைமேல் என் நாற்பது பொட்டலங்கள். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. ஆபீசர் நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, கத்துகிற ஆளாகத் தெரியவில்லை. கத்தியிருந்தால்கூட இத்தனை பயம் வந்திருக்காது. அவருக்குப் பக்கத்தில் கதிரேசன். தாடி முளைத்து, கண் உள்ளே போய், வேறு யாரோபோல் இருந்தார்.

நான் பேசினேன், பாய் பிரெஞ்சில் மாற்றினார். மாட்டுச் சாணத்தை எரித்து எடுத்த சாம்பல், கோயிலில் கொடுப்பது, நெற்றியில் பூசுவோம், வாயிலும் போட்டுக்கொள்வோம் என்றேன். நான் தினமும் பையில் வைத்திருக்கும் திருநீற்றை எடுத்துப் பூசிக்காட்டினேன். ஆபீசர் தலையை ஆட்டினார். ஏதோ கேட்டார்.

பாய் தயங்கிச் சொன்னார். "வாயில போடலாம்னா, இந்தப் பொட்டலத்துல இருந்து உங்க வீட்டுக்காரரைப் போடச் சொல்றாரும்மா. எந்தப் பொட்டலம்னு ஆபீசரே எடுத்துத் தருவாராம்."

அந்த நிமிஷம்தான் எனக்கு முழுப் பயம் வந்தது. கோயிலில் வாங்கிய திருநீறு பத்துப் பொட்டலத்துக்கு மேல் போதவில்லை. மிச்சத்துக்கு, கடைவீதியில் கிலோக் கணக்கில் விற்கிற பாக்கெட் ஒன்றை வாங்கிக் கலந்துவிட்டிருந்தேன். சாமி பேரைச் சொல்லிக் கலந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதில் சுண்ணாம்பு இருக்கிறதோ, வேறு என்ன கருமம் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. இதை இப்போது வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. சொன்னால் அது வெள்ளைப் பொடிதான், திருநீறு இல்லை.

கதிரேசன் கையில் பொட்டலத்தோடு கேமராவைப் பார்த்தார்.

"மதி, நெசத்தைச் சொல்லு. இது துண்ணூறுதானா? இல்ல, கம்பெனியில எவனாச்சும் என்னை வெச்சு எதாச்சும் கடத்தறானா? மேடம் பக்கத்துல இருந்தாப் பரவால்ல, சொல்லு."

"நாந்தானுங்க வெச்சேன்."

"நீயா?"

"ஆமாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு..."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "நீ வெச்சதுன்னா சரி" என்றார். பொட்டலத்தைப் பிரித்து, விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். நெற்றியில் கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்தார். பழக்கமில்லாத கை. ஆபீசர் இன்னொரு பொட்டலத்தை நீட்டினார். பிறகு மூலையிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. ஒவ்வொன்றையும் கதிரேசன் வாயில் போட, நான் இங்கே நாற்காலியின் கையை இறுக்கிக்கொண்டு அம்மா தாயே, அம்மா தாயே என்றேன். ஏழாவதில் இருமல் வந்தது. நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட, மேசையில் கைகளை ஊன்றிக் குனிந்தார். பிரவீனா மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆபீசர் எழுந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார். ஏதாவது ஆகிறதா என்று பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று பாயிடம் சொன்னார். அவர் கதிரேசனின் முகத்தை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், நானும் அதே முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆபீசர் தன் விரலில் கொஞ்சம் தொட்டு முகர்ந்துவிட்டு, பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தார். பொட்டலங்களை எல்லாம் ஆற்றில் கொட்டிவிட வேண்டும், பட்டியலில் இல்லாத எதுவும் இனிமேல் பெட்டியில் இருக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். அந்த வரியை நான் ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் கதிரேசனே போன் செய்தார். பெட்டிகள் படகில் ஏறிக்கொண்டிருந்தன. ஆற்றங்கரைச் சத்தம் கேட்டது.

"வயித்துக்கு ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கறேன்."

"எல்லாத்தையும் கொட்டிட்டீங்களா?"

"ஒண்ணை மட்டும் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன் மதி."

"எதுக்குங்க?"

"அக்கரையில பட்டாளத்துக்காரங்க துப்பாக்கியோட நிக்கறாங்க. இங்கிருந்தே தெரியுது. அங்க இன்னொரு சோதனை இருக்குது. எனக்கும் பயமா இருக்குது."

பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டியவள் நான். அம்மனை அவர் பையில் வைக்கத்தானே இத்தனையும் செய்தேன். ஆனால் அந்தச் சின்ன ஜிப் கவர் ஒரு சிப்பாயின் கையில் இருப்பதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

"வீசிப்போடுங்க" என்று கத்தினேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகுது, இப்பவே ஆத்துல வீசிப்போடுங்க!"

"சரி சரி, கத்தாதே."

"வீசிட்டீங்களா?"

"வீசிட்டேன் கண்ணு" என்றார், மிகவும் பதமாக. பொய் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் அப்படி வரும். மோட்டார் படகு கிளம்புகிற சத்தத்தில் போன் அறுந்தது. மணியைப் பார்த்தேன். ஆற்றைக் கடக்க இருபது நிமிஷம் ஆகும் என்று குத்தூஸ் பாய் சொல்லியிருந்தார்.