வலது கையிலும் அதிர்ந்தது

எல்லையில் குண்டு வெடித்ததிலிருந்து என் கணவர் கலைவேந்தனின் வலது கையில் உணர்ச்சியே இல்லை. கொதிக்கிற குழம்பு கொட்டினாலும் தெரியாது. அப்படிப்பட்டவரை வில்லியனூர் கல்யாண மண்டபத்தில் வீடியோ கேம் போட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காயம்பட்ட ராணுவ வீரர்கள் தேறி வருவதற்காம். கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போதே எனக்கு எரிச்சல். விளையாட்டுக் காட்டி ஏமாற்ற இவர் என்ன குழந்தையா?

போட்டியை நடத்திய ஃபைஜா என்ற பெண், டிவியில் கார் பந்தயத்தைப் போட்டுவிட்டு, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாள்.

முதல் வளைவிலேயே கார் சுவரில் மோதியது. அவர் திடுக்கிட்டு கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னாங்க, பயந்துட்டீங்களா?" என்றேன்.

"அதிருதுடி, சித்ரா."

"கார் மோதுனா அது அதிரும் சார். கேமே அப்டித்தான்," என்று ஃபைஜா சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"வலது கையிலயும் அதிர்ந்துச்சுடி."

அந்தக் கையை இழுத்து, நகம் பதியக் கிள்ளினேன்.

"ஐயோ! வலிக்குதுடி!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும். நான் இன்னொரு தரம் கிள்ளினேன்.