ஓர் இலைக்கு எவ்வளவு?

1

இந்தக் கதை ஒரு பொதுச்சுவரில் பிறந்தது. வலியசாலையில் என் வீடும், கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் நாகேஸ்வரன் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டவை. அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லப்படாது. சுவர் சொன்னது, எழுதுகிறேன். மின்வாரியத்தில் பில் போட்டு ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை?

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"நாகேஸ்வரன் கல்யாணத்துக்குச் சாம்பார் வைத்தால் வாசனை கடலுக்குள் போகும், கப்பல்கள் திசை மாறி விழிஞ்ஞத்தில் வந்து—"

வேண்டாம். கப்பல் வந்துவிட்டால் கதை நகராது.

இன்னொன்று:

"ஒரு கோடி ரூபாய் கட்டினால்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் கேட்டையே—"

இதைக் கோடு போட்டு அடித்தது நானல்ல. நாகேஸ்வரனின் மகள் ஜானவி. கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இரண்டு வருஷமாக வேலை. வெளிநாட்டில் போய்க் கடலரிப்பைப் பற்றி முதுகலை படிக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். என் கையெழுத்துப் பிரதியைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "மாமி, கப்பலை எத்தனை வேணும்னாலும் விட்டுக்கோங்கோ. தொகையிலே மாத்திரம் கை வெக்காதேங்கோ, கேட்டேளா?" என்றாள்.

சரி. இனி தொகைகள் நிஜம். மற்றதற்கு நான் பொறுப்பில்லை.

2

சுவர் சொன்னது இது. ஜானவிக்கு ஒரு குளிர் நாட்டில் இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருந்தது.* பெருநகரத்தில் ஒரு வருஷப் படிப்புக்கு ஃபீஸ் பதினெட்டு லட்சம். கடலோரச் சிற்றூரில் இருபது. அப்பாவும் மகளும் பெருநகரம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவருடைய வீட்டுப் பத்திரத்தின் மேல் பாங்கு கடன் தரும். அதற்கு அவரும் ஒப்புப் போட வேண்டும். ஒப்பு என்றால் எங்கள் ஊரில் கையெழுத்து.

(* எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் போய்ச் சரிபார்ப்பீர்கள்.)

வெடித்தது எங்கே என்றால், பல்கலைக்கழகத்துக் காகிதத்தின் இரண்டாம் பக்கத்தில்.

"இதென்னடி, 'வாழ்க்கைச் செலவு'ன்னு தனியா?"

"தாமசிக்க அறை, சாப்பாடு, பஸ்ஸு. அதெல்லாம் ஃபீஸிலே இல்லேப்பா."

"இல்லையா?"

"ஃபீஸ் படிப்புக்கு மாத்திரமாக்கும்."

சுவர் இடிந்துவிழப் பார்த்தது.

"நான் ஒரு கல்யாணத்துக்கு ரேட் சொன்னா கறிகாய், இலை, பரிமாற ஆளு, வண்டிக்கூலி எல்லாம் உள்ளே. பந்தி முடிஞ்சப்பறம் பெண்ணாத்துக்காரா கிட்டே போய், ரசத்துக்குத் தனின்னு கேப்பேனா? ஊருக்கெல்லாம் போடறவன் பொண்ணு, காசு கொடுத்துச் சாப்பிடணுமா? எந்த ஊர் மரியாதை இது?"

"மெல்லப் பேசுங்கோளேன்," என்றது பாகீரதியின் குரல். அவர் மனைவி. "அந்தாத்திலே விஜி காதை வெச்சுண்டிருப்பா."

அபாண்டம். நான் ஸ்டூல் போட்டு வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

3

இந்த இடத்தில் எனக்கு நாகேஸ்வரன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மனிதர் ஃபீஸ் என்றால் சோறும் சேர்த்து என்று இத்தனை நாள் நினைத்திருப்பாரா? வாசகர் நம்புவாரா? நீங்கள் நம்பத்தான் வேண்டும். இலைக்கு இவ்வளவு என்று ஒரே வாக்கில் பேசி, அந்த வாக்குக்குள் உப்பு வரைக்கும் அடக்கிவிடுகிற தொழில் அவருடையது. காய்கறி விலை ஏறி நஷ்டப்பட்டபோதும் ஒரு ரூபாய் கூடக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு அந்த இரண்டாம் பக்கம் ஒரு மோசடி.

எனக்கு அவரை வில்லனாக்க ஆசை. "மீசையை முறுக்கி, கல்யாணம் பண்ணிக்கோ என்று உறுமினார்" என்று எழுதியும் பார்த்தேன். அவருக்கு மீசை கிடையாது. உறுமவும் இல்லை. "ஒப்பு போடறதைப் பத்தி அப்பறம் பாக்கலாம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். உறுமியிருந்தால் தேவலை.

4

ஜானவி அழுதாளா? கதைக்கு நல்லது, அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க லாப்டாப்பும் அவளுமாக உட்கார்ந்து, இரண்டு ஊர்களிலும் அறை வாடகை, அரிசி, பஸ், குளிர்காலத்து ஹீட்டர் எல்லாம் தேடினாள். அங்கே படிக்கிற ரெனி என்ற தோழியைப் போனில் பிடித்துப் பாதி மலையாளத்தில் குடைந்தாள்: "நீ உள்ளது சொல்லு. மாசம் எத்ர ஆகும்?"

பெருநகரத்தில் மாதம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். சிற்றூரில் எண்பதாயிரம். பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கி, ஃபீஸையும் சேர்த்தால் பெருநகரம் முப்பத்துநாலு லட்சத்து எண்பதாயிரம். சிற்றூர் இருபத்தொன்பது லட்சத்து அறுபதாயிரம். ஃபீஸ் குறைந்த இடம் அஞ்சு லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வந்து நின்றது. பாங்கு தரும் கடனின் எல்லை முப்பது லட்சம். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் அவள் சேமிப்பு போதும்.

(இந்த இடத்தில் பிரதியின் ஓரத்தில் அவள் எழுதியது: "ரைட். முதல் தடவையா.")

சாயங்காலம் அதை அப்பா முன்னால் வைத்தாள். சுவர் சரியாகக் கேட்காது என்பதால், ஒரு கிண்ணம் சர்க்கரை கடன் வாங்க நானே நேரில் போனேன்.

"பார்ட் டைம் வேலை செஞ்சா இன்னும் கொஞ்சம்—" என்று தொடங்கினாள்.

"அதைச் சேக்காதே. அட்வான்ஸ் வராத கல்யாணத்துக்கு நான் சாமான் எடுக்கறதில்லே."

"சேக்கலேப்பா. சேக்காமலே அந்தச் சின்ன ஊர் முப்பதுக்குள்ளே நிக்கறது."

அவர் சாப்பாட்டு வரியில் விரல் வைத்தார். விரல் நகரவில்லை.

"ஐந்நூறு இலைக்குக் கண்ணை மூடிண்டு சொல்லுவேன்," என்றார். "அம்பது இலைன்னா கொஞ்சம் யோசிக்கணும். ஒரே ஒரு இலைக்கு எனக்குக் கணக்கு வரமாட்டேங்கறதுடி. தனியா உக்காந்து என்னத்தைச் சாப்பிடுவே?"

பாகீரதி என் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சர்க்கரை வரவே இல்லை.

"ஒரு இலைக்கு நான் போட்டாச்சு," என்றாள் ஜானவி. "நீங்க ஒப்பு போட்டா இந்த வருஷம். போடலேன்னா கழக்கூட்டத்திலேயே இன்னும் ரெண்டு வருஷம் வேலை பண்ணிச் சேத்துண்டு, மறுபடி அப்ளை பண்ணுவேன். படிக்கறது நிச்சயமாக்கும். தேதிதான் நீங்க சொல்லணும்."

5

நாளை பாங்கில் ஒப்புப் போட வேண்டிய நாள். நான் மூன்று முடிவுகள் எழுதி வைத்தேன்.

முதல் முடிவில் நாகேஸ்வரன் ஒப்புப் போடுகிறார். மேனேஜர் எழுந்து நின்று கைதட்டுகிறார். பாங்கு வாசலில் யானை—

இரண்டாவதில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு—

மூன்றாவதை என்னாலேயே படிக்க முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே கழக்கூட்டம் பஸ், அதே ஜன்னல் சீட்—

ஜானவி மூன்றையும் அடித்துவிட்டாள். "அவர் இன்னும் தீருமானிக்கலே மாமி. நீங்க முந்திக்காதேங்கோ."

ஆகவே பேனாவை உங்களிடம் தருகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டுப் பத்திரத்தை உறையில் போடுகிறார், எடுக்கிறார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அவள் போவாளா என்று உங்களை யாரும் கேட்கவில்லை. இந்த வருஷமா, இரண்டு வருஷம் கழித்தா, அது மட்டும்தான் உங்கள் கையில்.