போகும் வழி என்று எழுதிய பலகை

1978 ஐப்பசியில் எங்கள் ஊர்க் கடைவீதிக்குள் சைக்கிளில் நுழைந்த மயில்சாமி மறுமுனையில் வெளியே வரவில்லை. காலை பத்து மணி, நல்ல வெயில், கேரியரில் முட்டைத் தட்டுகள். முறுக்குக் கடை வரைக்கும் பார்த்தவர்கள் உண்டு, அதற்கு அப்பால் பார்த்தவர் யாருமில்லை. மறுவாரம் தபால்காரர் போனார், அப்புறம் ஒரு வாத்தியார். மார்கழிக்குள் ஏழு பேர்.

நாமக்கல்லுக்கு மேற்கே உள்ள ஊர் இது. பட்டறையில் பாடி கட்டி முடித்த லாரியெல்லாம் கடைவீதியில் புகுந்துதான் போகும், வருஷத்துக்கு நாலு உயிரையாவது வாங்கும். ஆகவே அந்த வருஷம் ஊராட்சி மன்றம் லாரிக்கு வீதியை அடைத்தது. நடப்பவர்களுக்கு இருபுறமும் கல் பாவி, நடுவே சைக்கிளுக்குத் தடம் விட்டது. நல்ல காரியம்தான், யார் இல்லையென்றார்? பலகை எழுத வந்த பொன்னன் லாரி முதுகில் சாமி பெயர் எழுதிப் பழகியவன். நடப்பவர்களுக்கு இரண்டு பாதம் வரைந்தான். 'சைக்கிள் போய் வரும் வழி' என்று எழுதச் சொன்ன இடத்தில் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பலகை போதாமல் 'சைக்கிள் போகும் வழி' என்று முடித்துவிட்டான். அட பாவி! எருமை மேய்க்கக் கிளம்புகிறவன்கூட 'போயிட்டு வாரேன்' என்று சொல்கிற சீமை இது. வராமல் போவது பிணம் ஒன்றுதான். வழி என்ன செய்யும், எழுதினபடி செய்தது.

மயில்சாமியின் மனைவி சௌந்திரம் மன்றத் தலைவர் வெள்ளியங்கிரி முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, என்ர ஊட்டுக்காரரு திரும்பி வரோணும். அந்தப் பலகைல ஒரு சொல்லு சேத்துங்க."

"லாரில அடிபட்டு இந்த வருசம் ஒருத்தருஞ் சாவுலையே அம்மிணி. வீதி நல்லாத்தான இருக்குது?"

அவர் சொன்னது பொய்யில்லை. கடைகளில் கூட்டம் சேர்ந்தது, குழந்தைகள் கைவீசி நடந்தார்கள், பார்க்க வந்த அதிகாரிகள் மெச்சிவிட்டுப் போனார்கள். விஷயம் தெரிந்த நாங்கள் சைக்கிளை விட்டிறங்கிக் கல்மேல் தள்ளிக்கொண்டு நடந்தோம். வெளியூர்க்காரர்களை ஒருவரும் தடுக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கே கூசுகிறது.

சௌந்திரம் ஆறு வருஷம் கேட்டாள். கடைசியில் பொன்னனுக்கே பொறுக்கவில்லை. 1984 ஆடியில், யார் உத்தரவும் இல்லாமல், ஏணி வைத்து ஏறி 'போய் வரும்' என்று திருத்தினான். அன்று மதியமே போனவர்கள் எல்லோரும் வந்தார்கள். மயில்சாமிக்கு ஒரு முடி நரைக்கவில்லை, ஒரு முட்டை உடையவில்லை. சௌந்திரம் அலறிக்கொண்டு ஓடினாள். அவர் காலோ மிதியை விட்டு எழவில்லை. "வாரேன் சௌந்திரம்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி உள்ளே போய்விட்டார். மற்றவர்களும் அப்படியே. பலகையில் போகவும் வரவும்தான் இருந்தது, நிற்க இல்லை.

"நில்லுன்னு ஒண்ணு எழுதுங்க பொன்னண்ணா."

பொன்னன் தூரிகையை எடுத்தான், கீழே வைத்தான். "எழுதிப்போடலாம் அம்மிணி. அவரு நிப்பாரா, அவரு மூச்சு நிக்குமான்னு தெரீலயே."

அவள் வீதியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு வேண்டாம் என்றுவிட்டாள். நாலு மாதம் சோற்றுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிள் பின்னால் ஓடினாள், பேச்சு பாதியில் அறுந்து அறுந்து போனது. அப்புறம் கோயில் மைதானத்தில் சைக்கிள் பழகினாள். பொம்பளை இந்த வயதில் சைக்கிள் விடுகிறாள் என்று ஊரே சிரித்தது. தை மாதம் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுக் குப்பாயியிடம் கொடுத்தாள்.

குப்பாயி ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டாள். "ஏறுனா எறங்க முடியாது, வேண்டாஞ் சாமி."

"அவரோட ஒரு பேச்சு முழுசாப் பேசி ஆறு வருசமாச்சு. உடு அக்கா."

இப்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போய் வருகிறார்கள். பார்த்தால் அவளே மூத்தவளாகத் தெரிகிறாள். மழை, குழம்பு, யாரோ வீட்டுச் சண்டை என்று என்னென்னவோ பேசுகிறார்கள், நமக்குக் கேட்பதற்குள் கடந்துவிடுகிறார்கள். நாங்கள் ஒதுங்கி வழி விடுகிறோம்.