நல்லமுத்து வாயை மூடிய சனிக்கிழமை

வாத்தியார்களுக்கே வாத்தியாராகும் யோகம் நல்லமுத்துவுக்கு வந்ததற்குக் காரணம், மதுரைப் பயிற்சிக்குப் போக வேறு யாரும் சம்மதிக்காததுதான். பந்தல்குடி ரோட்டிலுள்ள தனியார் ஐ.டி.ஐ.யில் அவர் எலக்ட்ரீசியன் பிரிவு. மதுரையில் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: பாடத்தை வீடியோவாக எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடு, வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். வகுப்பில் வாயை மூடிக்கொண்டு அவர்களை வேலை செய்ய விடு. ஃபிளிப்டு கிளாஸ்ரூமாம். இதை மற்ற வாத்தியார்களுக்கு அவர் சனிக்கிழமைதோறும் பழக்கிவிட வேண்டும்.

தாளாளர் சங்கரபாண்டியன் அருப்புக்கோட்டையில் இரும்புக்கடைக்காரர். விற்காத சரக்கை இடம் மாற்றி வைத்துப் பார்க்கிற ஆள். "இந்தச் சனிக்கிழமையும் வகுப்பு ஓடலைன்னா நீங்க ஹாஸ்டல் வார்டனாப் போயிருங்க. அங்க ஆளில்ல" என்றுவிட்டார்.

வார்டன் என்றால் ராத்திரி அங்கேயே கிடக்க வேண்டும். திருச்சுழிப் பக்கம் ஊரில் மனைவி ஈஸ்வரி ஒற்றை ஆளாக மாட்டோடும் பருத்தியோடும் மல்லுக்கட்ட வேண்டும். "என்னமும் பேசித் தப்பிச்சு வாங்க. அது ஒண்ணுதான உங்களுக்குத் தெரியும்" என்று அவளும் சொல்லிவிட்டாள்.

அந்த வாய்தான் வில்லங்கம். மாதிரிப் பாடமாகப் பம்புசெட்டு ஸ்டார்ட்டருக்கு வயர் கொடுப்பதை வீட்டு வாசலில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். எவரும் பார்ப்பதில்லை. சனிக்கிழமை வந்து திருதிருவென்று முழிப்பார்கள். உடனே இவர் முழுப் பாடத்தையும், வீடியோவில் விட்டதையும் சேர்த்து, தொண்டை கட்டுகிறவரை சொல்லித் தீர்ப்பார். யாராவது வயரைத் தொட்டால் அதையும் பிடுங்கித் தானே மாட்டுவார். ஊரான் காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவர். நாலு பேர் குனிந்து வேலை செய்ய, வரப்பில் கைகட்டி நிற்கிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தொண்டை வலித்தால்தான் சம்பளம் செரித்தது.

அந்தச் சனிக்கிழமையும் கேட்டார். "வீடியோ பாத்தீகளா?"

ஃபிட்டர் வாத்தியார் கோட்டைச்சாமி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். கம்ப்யூட்டர் டீச்சர் பிருந்தாதான் வாயைத் திறந்தாள்.

"நெசத்தச் சொல்லிர்றேன் சார், பாக்கல. எப்படியும் இங்க வந்து முச்சூடும் நீங்களே சொல்லிருவீக. ஒரே படத்த எதுக்கு ரெண்டு தடவ பாக்க?"

"அதுல மாடு வேற கத்துது" என்றார் கோட்டைச்சாமி.

வீடியோ பார்க்காமலிருக்க இத்தனை நாளாகப் பயிற்சி கொடுத்ததே தான்தான் என்று நல்லமுத்துவுக்கு உறைத்தது. அதைக்கூட விளக்கிச் சொல்ல வாய் ஊறியது. முழுங்கிக்கொண்டார்.

"இந்தா ஸ்டார்ட்டரு, இந்தா மோட்டாரு. மாட்டுங்க. கரண்டு குடுக்கு முன்ன கூப்பிடுங்க. நான் வெளிய போறேன். உள்ள இருந்தா என் வாய் சும்மா இருக்காது."

ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றார். உள்ளே அவருடைய குரலே கேட்டது. போனில் வீடியோவைப் போட்டுவிட்டார்கள். இவ்வளவு இழுவையாகவா பேசுகிறோம் என்று அவருக்கே கொட்டாவி வந்தது. நடுவில் மாடு கத்தியது; அது பரவாயில்லை, சுருக்கமாகக் கத்தியது.

"நிப்பாட்டுங்க சார், அந்த வயர மாத்தி மாட்டிட்டீக" என்றாள் பிருந்தா.

"ஏம்மா, இந்தத் துக்கடாச் சமாச்சாரத்துக்கா மனுசன் இந்தக் கத்துக் கத்துனாரு?" என்றார் கோட்டைச்சாமி.

ஓடிப்போய்ப் பிடுங்கக் கை துடித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கூப்பிட்டபோது போய்ப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதில் கொஞ்சம் வருத்தம்தான். சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது. வாசலில் சங்கரபாண்டியன் நின்றுகொண்டிருந்தார்.

"ஓடிருச்சே. நீங்க ஏன் வெளிய நின்னீக?"

"நான் வெளிய நின்னாத்தான் சார் அவுக செய்றாக."

சங்கரபாண்டியன் ஹாஸ்டல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வெளிய நிக்கிறத ஹாஸ்டல் வாசல்ல நின்னா ரெண்டு வேலையும் நடக்கும்ல?"

"ஓடலைன்னாத்தான சார் வார்டன்னு சொன்னீக?"

"ஓடாம இருந்தா தண்டனையாப் போட்டிருப்பேன். இப்ப நம்பிக்கையாப் போடுறேன்."

நல்லமுத்து ஈஸ்வரிக்குப் போன் போட்டு, வார்டனான கதையைச் சொன்னார்.

"பேசித் தப்பிச்சு வரச் சொன்னேன்ல?"

"இன்னைக்குத்தான் நான் பேசல."

அந்தப் பக்கம் மாடு கத்தியது.

"கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து வாய மூடுங்க வாய மூடுங்கன்னு சொல்றேன். அத இன்னைக்குத்தானா கேக்கணும்? சரி, போர்வைய எடுக்க எப்ப வாரீக?"