நாலாம் பக்கம், ஏழாவது வரி

என் அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஒரே கார், ஒரே ஆசிரியர். கற்றுக்கொள்ள வருகிறவர் காலடியில் மூன்று பெடல்கள், அப்பாவின் காலடியில் ஒன்று. அது பிரேக். ஆபத்துக்கென்று வைத்திருப்பது. அப்பாவுக்கு ஆபத்து சாலையில் வருவதைவிட மண்டைக்குள் வருவதுதான் அதிகம். அரசியல் பேச்சு சூடேறினால் கால் தானாகப் போய் பிரேக்கில் உட்கார்ந்துவிடும்.

"ஓட்டு கேட்டு வர்றவங்க எல்லாரும் ஒளிவுமறைவு இல்லாத ஆட்சின்னுதான் சொல்றாங்க. வந்து உக்காந்ததும் முதல் வேலையா என்ன பண்றாங்க? கதவைச் சாத்துறாங்க!"

'சாத்துறாங்க' என்ற இடத்தில் கார் குலுங்கி நிற்கும். ஓட்டிக்கொண்டிருந்த பெண் எதையோ தப்பாக மிதித்துவிட்டதாகப் பயந்து, "சாரி சார்" என்பாள்.

"நீ எதுக்கும்மா சாரி சொல்ற? சொல்ல வேண்டியவங்க ஒருத்தரும் சொல்லல!"

ஆனால் ஒன்று. அப்பாவிடம் படித்தவர்கள் லைசென்ஸ் தேர்வில் ஒரே தடவையில் தேறிவிடுவார்கள். வழியில் எது குறுக்கே வந்தாலும் அவர்கள் பதறுவதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அப்பா எங்கள் தெரு குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றார். எல்லாக் கூட்டமும் தெருவிலேயே நடக்கும், எல்லா முடிவும் சுவரில் ஒட்டப்படும் என்பது வாக்குறுதி. வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பாவுக்கு விழுந்தவை இரண்டு ஓட்டு.

விழாத அந்த ஒன்று என்னுடையது. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத் திரும்பும் முனையில் ஒரு பள்ளம். அதில் நான் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். எதிர்த்து நின்ற பல் டாக்டர் அங்கே விளக்குப் போடுவதாகச் சொன்னார். போட்டும்விட்டார். இன்றைக்கும் அந்த விளக்கைத் தாண்டும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

தோற்ற பிறகு அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். கார் எங்கேயும் குலுங்காமல் போனது. "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று படிக்க வந்தவர்கள் அம்மாவிடம் தனியாகக் கேட்டார்கள்.

பத்தாவது நாள் நல்ல காற்று. பாடம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த அப்பா வானத்தில் ஒன்றைப் பார்த்தார். வெள்ளி நிறம். அகலமாக, நெளிந்து நெளிந்து, ஊருக்கு வெளியே ராக்கெட் தளம் இருக்கும் திசையில் போனது. வீட்டுக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தார். "பார்த்துட்டேன்! என் ரெண்டு கண்ணால பார்த்துட்டேன்!" மாடியில் காயப்போட்ட கார் உறையை யாரோ திருடிவிட்டார்கள் என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை.

அந்தத் தளம் ஒரு சோப்புக் கம்பெனி முதலாளிக்குச் சொந்தம். சோப்பு விற்றுப் பெரிய ஆளாகி, இப்போது செவ்வாய்க்கு ஆட்களைக் குடியேற்றப் போவதாக வாரம் ஒரு பேட்டி கொடுப்பவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ராக்கெட்காரர். அன்று சாயங்காலம் கிளம்ப வேண்டிய அவருடைய ராக்கெட், 'தொழில்நுட்பக் காரணங்களால்' நேரத்துக்குக் கிளம்பவில்லை.

அப்பா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். "ராக்கெட்காரன் ரகசியமா ஒரு பறக்கிற வண்டி செஞ்சிருக்கான். அரசாங்கத்துக்குத் தெரியும். நம்மகிட்ட மறைக்கிறாங்க." மறுநாள் தெருவில் பழையபடி கார் குலுங்கியது.

அரசாங்கத்திடம் தகவல் கேட்டு எழுதினார். ஏழு மாதம் கழித்துப் பதினோரு பக்கங்கள் வந்தன. வரிக்கு வரி கருப்பு மைப் பட்டை. தப்பிப் பிழைத்த சொற்கள் மூன்று: 'ஆகவே', 'மேற்படி', 'ஈரம்'.

"ஈரம்னா என்ன? தண்ணி! செவ்வாய்ல தண்ணி கிடைச்சிருச்சு, அமுக்கிட்டாங்க" என்றார் அப்பா.

நாலாம் பக்கம் ஏழாவது வரியில் பட்டைக்குக் கீழே ஒரு சின்ன சுழி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ போட்ட கையெழுத்தின் வால். என் கடையிலிருந்து பூதக்கண்ணாடி வாங்கிவரச் சொல்லி அதை மாதக்கணக்கில் ஆராய்ந்தார். "இந்த வாலைப் பாரு, என்ன திமிரு! சாதாரண ஆளு இப்படிச் சுழிக்க மாட்டான். மந்திரியாத்தான் இருக்கணும்."

அந்தக் காகிதங்களை வைத்துக்கொள்ள அம்மா ஒரு வெள்ளி நிறப் பை தைத்துக் கொடுத்தாள். அப்பா அதை எங்கேயும் விட்டுப் பிரிவதில்லை. பாடம் நடக்கும்போதும் மடியில் இருக்கும்.

இந்த நிலைமையில்தான் நான் காதலில் விழுந்தேன். அந்த முனையில் விளக்கு இருந்தும் விழுந்தேன்.

கண் வலிக்கிறதென்று அவர் எங்கள் கடைக்கு வந்தார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "மூணாவது வரியை மறைச்சிருக்கலாம்" என்றார்.

"எதுக்கு?"

"தேவையில்லாம நிறைய விஷயம் சொல்லுது."

சிரித்துவிட்டேன். அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் நுனி கருப்பாக இருந்தது. அரசாங்கக் காகிதங்கள் வெளியே போகுமுன் சொல்லக்கூடாத வரிகளை அடித்து மறைக்கும் பிரிவில் வேலை என்றார். அளவுகோல் வைத்து, இரண்டு முறை இழுத்து, ஓரத்தைச் சதுரமாக முடிக்க வேண்டுமாம். எனக்குள் அவருக்கு மைக்காரர் என்று பெயர் வைத்தேன்.

நான்கு மாதத்தில் அவருக்குக் கண் சரியாகிவிட்டது, எனக்குத்தான் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. யாரிடமும் சொல்லாத அந்த ஓட்டு விஷயத்தை அவரிடம் மட்டும் சொன்னேன். சிரிக்கவில்லை. "சரி, இது இங்கயே இருக்கட்டும்" என்று தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

அப்பாவுக்கு அவரைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டேன். முதல் பாடம் முடிந்து வெளுத்த முகத்தோடு வந்தார்.

"என்ன ஆச்சு? அரசியல் பேசினாரா?"

"பேசினார். நான் எல்லாத்துக்கும் தலையாட்டினேன். அப்புறம் அந்தப் பையைத் திறந்தார்."

"சரி?"

"நடைபாதை மேல ஏத்திட்டேன்."

அவர் அடித்து மறைத்த காகிதங்கள்தான் அவை. அப்பா விரலைப் பார்த்தார், எந்த ஆபீஸ் என்று கேட்டார், இவர் உள்ளதைச் சொன்னார். பெண் கேட்டு வந்திருப்பதையும் அதே மூச்சில் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத ஆளை மறைக்கும் வேலையில் வைத்திருக்கிறார்கள்.

அன்று வீட்டில் அப்பா தீர்ப்புச் சொன்னார். "நாலாம் பக்கம், ஏழாவது வரி. அதுல கையெழுத்துப் போட்டது யாருன்னு அவன் சொல்லட்டும். பொண்ணு அவனுக்குத்தான். சொல்லலைன்னா, கருப்பு மை ஒட்டின கையில என் பொண்ணோட கையைக் கொடுக்க மாட்டேன்."

"ஏங்க, பையன் வேலை போயிடாதா?" என்றாள் அம்மா. வழக்கத்துக்கு மாறாக அவள் குரல் மெலிந்திருந்தது.

"நாட்டு மக்களுக்கு உண்மை தெரியணும்."

"நாட்டு மக்களா கேக்குறாங்க? நீங்கதானே கேக்குறீங்க."

நான் மைக்காரரிடம் கெஞ்சினேன். "என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் அப்பா காதுல போட்டுடறேன்."

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நான் முக்கியமா, அந்த வரி முக்கியமா?"

அவர் வெகுநேரம் யோசித்தார். யோசித்தது எனக்குப் பிடிக்கவில்லை. "உங்க ஓட்டு விஷயத்தை யாராவது இப்படிக் கேட்டா நான் சொல்லிடணுமா?" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ராக்கெட்காரர் மறுபடியும் ராக்கெட் விடுவதாக இருந்தது. பக்கத்திலிருந்து பார்க்க எல்லோரும் கிளம்பினோம். அப்பா மைக்காரரையும் வரச் சொன்னார். "இன்னிக்குத்தான் உனக்குக் கடைசிப் பாடம். ஏதாவது ஒரு விதத்துல கடைசி" என்று அழைத்த விதமே சரியில்லை. மைக்காரர் ஓட்டினார். பக்கத்தில் அப்பா, மடியில் பை. பின்னால் அம்மாவும் நானும்.

வானொலியில் ராக்கெட்காரர் பேசிக்கொண்டிருந்தார். "செவ்வாயில் அரசியலே இருக்காது. எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள்."

"யாரு துணி துவைக்கிறது, யாரு குப்பையைக் கொட்டுறதுன்னு முடிவு பண்ணணுமே, அதுக்குப் பேரு என்னவாம்?" என்றாள் அம்மா.

"சரியாக் கேட்ட!" என்று அப்பா பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். அப்பா கண்ணாடியை இறக்கி அவருக்கும் விஷயத்தை விளக்கினார்.

தளத்துக்குப் போகும் நேர் சாலைக்கு வந்ததும் வானொலியை அணைத்தார். பையிலிருந்து நாலாம் பக்கத்தை உருவி முன்கண்ணாடியில் சாய்த்து வைத்தார். "தம்பி, கடைசியாக் கேக்குறேன். இது யாரோட கையெழுத்து? சொல்றியா, அந்த முனையில இறங்கிக்கிறியா?"

மைக்காரரின் காது சிவந்தது. என்னைக் கண்ணாடியில் பார்த்தார். நான் சொல்லித்தொலையுங்களேன் என்று முகத்தால் மன்றாடினேன்.

"இறங்கிக்கிறேன் மாமா" என்றார்.

அப்புறம் அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். பின்னால் பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். ஓரமாக, நடைபாதையில் ஏறாமல், அழகாக நிறுத்தினார். நியூட்ரல் போட்டார், கை பிரேக்கை இழுத்தார், சாவியைத் திருப்பினார். கதவைத் திறக்குமுன் வண்டி வருகிறதா என்று மறுபடி பார்த்தார்.

அம்மாவால் தாங்க முடியவில்லை. "உக்காருப்பா! மனசு உடைஞ்ச நேரத்துலயும் இண்டிகேட்டர் போடுற பிள்ளையை எங்கடி தேடுறது? ஏங்க, அந்தப் பையை இப்படிக் குடுங்க."

வாங்கி, காகிதங்களை என் மடியில் கொட்டிவிட்டு, பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். வெள்ளித் துணியின் மேல் பெரிய சிவப்பு 'எல்' எழுத்து. எங்கள் டிரைவிங் ஸ்கூல் கார் உறையில் அப்பாவே பெயிண்டால் எழுதியது.

"துவைச்சு மாடியில போட்டேன். ஈரத்தோட கிளிப் மாட்டாம விட்டுட்டேன். காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு. நேரா போய் அந்த ராக்கெட்காரன் வேலியில விழுந்திருக்கு. வேவு பார்க்க யாரோ பலூன் விட்டுட்டாங்கன்னு ராக்கெட்டையே நிறுத்திட்டாங்க. மறுநாள் இந்த எழுத்தை வச்சு விசாரிச்சு, ரெண்டு ஆபீசர்ங்க உறையை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க."

அப்பா பின்னால் திரும்பி அந்த 'எல்' எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"வெளிய தெரிஞ்சா அவங்களுக்கும் அவமானம், ராக்கெட்காரனுக்கும் அவமானம். யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு கையெழுத்து கேட்டாங்க. வண்டி உங்க பேர்ல இருக்கு, நீங்க பாடத்துல இருந்தீங்க. அதான், தபால்காரர் வந்தா போடுவேனே, அதே மாதிரி உங்க கையெழுத்தை நானே போட்டுட்டேன்."

"அப்போ... அந்தத் திமிர் பிடிச்ச வால்..."

"உங்களுதுதான். நான் கொஞ்சம் அவசரத்துல சுழிச்சிட்டேன்."

நின்றிருந்த காரில் அப்பா பிரேக்கை மிதித்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார், குழந்தை மாதிரி.

அம்மா முன் இருக்கையின் மேல் கை வைத்து அவர் தோளைத் தொட்டாள். "அந்தத் தேர்தலுக்கு அப்புறம் பத்து நாளா நீங்க பேசவே இல்ல. அன்னிக்குத்தான் கத்திக்கிட்டே வீட்டுக்குள்ள வந்தீங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உசுரே திரும்பி வந்தது. நான் எப்படிச் சொல்லுவேன்?"

தூரத்தில் ராக்கெட் கிளம்பியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவமானப்படுவார் என்று பயந்தேன். அவர் உதடு மெதுவாக விரிந்தது.

"நம்ம கார் உறை ஒரு ராக்கெட்டை நிறுத்திருக்கு."

"ஆமாம் மாமா" என்றார் மைக்காரர், அம்மாவே சொல்லிவிட்டதால் தைரியம் வந்து. "ஆறு மணி நேரம்."

"ஆறு மணி நேரம்! எதிர்க்கட்சி எல்லாம் சேர்ந்தாலும் முடியாது!" அப்பா கதவைத் திறக்கப் போனார். "முதல்ல அந்தப் பல் டாக்டர்கிட்ட சொல்லணும்."

"மாமா, சொல்லக்கூடாது. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அப்பாவின் கை கதவிலேயே நின்றது. மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்துப் பட்டனைப் போட்டார். இதுவரை நான் பார்க்காத ஒரு கம்பீரம் முகத்தில் ஏறியது. "ஆமாம். சில விஷயங்களை மக்கள்கிட்ட சொல்ல முடியாது. நிர்வாகம்னா அப்படித்தான்" என்றார்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்பா மைக்காரரின் கருப்பு விரலைப் பிடித்து, தன் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துப் பார்த்தார். போகவில்லை. "பரவாயில்ல மாப்பிள்ள. வாயைத் திறக்காத ஆளு நம்ம குடும்பத்துக்கு ஒருத்தராவது வேணும்."

மாப்பிள்ளை! நான் மடியில் கிடந்த பத்துப் பக்கங்களையும் கட்டிக்கொண்டு அழுதேன்.

"ஆனா ஒண்ணு" என்றார் அப்பா. "வெளியதான் ரகசியம். இந்த வீட்டுக்குள்ள இனி ஒளிவுமறைவே கிடையாது. எல்லாரும் இப்பவே உள்ளதைச் சொல்லிடுங்க. வீட்டுல மூணு பேர், எனக்கு ரெண்டு ஓட்டு. போடாதது யாரு?"

அம்மா ஒரு பக்க ஜன்னலைப் பார்த்தாள். அவள் ஏன் பார்த்தாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் மறுபக்க ஜன்னலைப் பார்த்தேன். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் திரும்பினார். "மாப்பிள்ள, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

மைக்காரர் சாவியைத் திருப்பினார். கை பிரேக்கை இறக்கினார். அவருடைய காது மறுபடி சிவந்திருந்தது.

"முன்னாடி முனை வருது மாமா" என்றார். "வலதா, இடதா?"