மூத்த மருமகள் வீட்டை விட்டுப் போகவில்லை

பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் அவளுக்குப் 'போலீஸ்' என்று பெயர். வைத்தவர் அவளுடைய ஆய்வு நெறியாளர். ஒரு நாவலைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் அழகைப் பார்ப்பார்கள், தத்துவத்தைப் பார்ப்பார்கள். இவள் அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார், துணி துவைப்பது யார், குப்பையை எங்கே கொட்டுகிறார்கள் என்று விசாரணை நடத்துவாள். நாலு வீட்டில் வேலை செய்து அம்மா அவளைப் படிக்க வைத்திருந்தாள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். கற்பனை வீடாகவே இருக்கட்டும், வீடு என்றால் அவளுக்குப் பின்வாசல் வழியாகத்தான் நுழையத் தெரியும்.

அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது நாற்பது வருடமாகப் பாடத்தில் இருக்கிற நாவல். ஒரு பெரிய வீட்டின் கதையை அந்த வீட்டு இளைய மகன் சொல்வான். மூத்த மருமகள் மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். போதாதா? விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். விடுதலையின் குறியீடு, புதிய பெண். வருடா வருடம் தேர்வில் அதே கேள்வி, அதே பதில், அதே பத்து மதிப்பெண். இவளும் அப்படி எழுதி வாங்கியவள்தான்.

நாலாவது தடவை படிக்கும்போதுதான் உறுத்தியது. போனவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. அது அடுத்த அத்தியாயத்திலும் வாசலில் கிடக்கிறது, மாமியார் அதைக் காலால் ஓரமாகத் தள்ளுகிறாள். மழை கொட்டுகிற மாதத்தில் கொல்லையில் துவைகல்லை நகர்த்திவிட்டுச் சிமெண்ட் பூசுகிறார்கள். அதே வாரம், பதினைந்து வருடமாக வேலை பார்த்த பெண்ணை நிறுத்திவிட்டு மாமியாரே துவைக்க உட்காருகிறாள். மூன்றும் மூன்று இடத்தில், போகிற போக்கில் சொன்ன மாதிரி வருகின்றன.

அம்மாவிடம் இதைக் கதையாகச் சொன்னாள். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். காய் நறுக்குகிற கையை நிறுத்தாமலே சொன்னாள். "துணி காயாத மாசத்துல எவளாவது வேலைக்காரியை நிறுத்துவாளா? நிறுத்தியிருக்காங்கன்னா அவ கண்ணுல படக் கூடாதது ஏதோ அந்த வீட்டுல இருக்கு."

உட்கார்ந்து ஆய்வேட்டின் கடைசி இயலாகப் பதினோரு பக்கம் எழுதினாள். முடிவு ஒரே வரி. மூத்த மருமகள் போகவில்லை, கல்லுக்கு அடியில் இருக்கிறாள்.

அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு நெறியாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆய்வேட்டைப் படிக்காமலே சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற மனிதர் அவர். ஐந்து பிரதிகளிலும் போட்டுக் கொடுத்திருந்தார். சிரித்த வாயோடு அந்தப் பதினோரு பக்கத்தையும் நாவலாசிரியருக்கே அனுப்பி வைத்தார். ஐயா ரசிப்பார் என்று நினைப்பு. மூன்றாம் நாள் ஐயாவிடமிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பெண்ணைக் காலையில் வீட்டுக்கு அனுப்புங்கள், தனியாக.

துறையில் ஒரு விரிவுரையாளர் இடம் காலியாக இருந்தது. தேர்வுக் குழுவில் ஐயா இருந்தார். வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்தால் வேலை உனக்குத்தான் என்று நெறியாளர் பாடம் எடுத்து அனுப்பினார். அவளுக்கு அந்த வேலை வேண்டும். அம்மாவின் முழங்கால் இன்னும் இரண்டு வருடம்கூடத் தாங்காது.

பதினோரு மணிக்குக் கதவைத் திறந்தவர் நாவலாசிரியரின் அண்ணன். எண்பது வயதுக்கு முதுகு வளையவே இல்லை. தேநீரையும் அவரே கொண்டு வந்து வைத்தார். கோப்பைக்குள் பழைய கறை வளையம் வளையமாக இருந்தது. நாற்காலிக் காலில் ஒட்டடை. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்கிற பழக்கம் இந்த வீட்டில் இல்லை என்று அவரே சொன்னார், யாரும் கேட்காமல்.

நாவலாசிரியர் ஜன்னலோரம் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். பாடப்புத்தகப் படத்தில் இருக்கிற மிடுக்கு எதுவும் இல்லை. எப்படி அந்த முடிவுக்கு வந்தாய் என்று மெதுவாகக் கேட்டார். செருப்பைச் சொன்னாள், வேலைக்காரியைச் சொன்னாள்.

"அப்புறம் அந்தச் சிமெண்ட், ஐயா. மழையில ரெண்டு நாளா பூசினாங்கன்னு வருது…"

"மூணு நாள்," என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி. "மொத நாள் பூசினது மழையில கரைஞ்சு போச்சு. காலைல போய்ப் பாத்தா…"

"போதும்டா," என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. எழுபத்து மூன்று வயதுத் தம்பி, அடி வாங்கிய பிள்ளை மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

நாவலில் இரண்டு நாள்தான். கரைந்துபோன கதை எந்தப் பதிப்பிலும் கிடையாது. அவளுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அந்தப் பூதம் எதிரே உட்கார்ந்து அவளுக்குத் தேநீரை நகர்த்திக் கொடுத்தது.

அண்ணன் தன்மையாகவே பேசினார். படித்த பிள்ளைகளுக்குக் கற்பனை அதிகம் என்றார். அந்தப் பதினோரு பக்கத்தை எடுத்துவிட்டால் மற்றதைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்றார். பிறகு எழுந்து நின்று, அவள் குடிக்காமல் வைத்த கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்க அம்மா இப்ப டிப்போவுக்குப் பின்னால டாக்டர் வீட்லதானேம்மா? மூணு மணிக்கு வேலை முடிஞ்சு தண்டவாளத்தைத் தாண்டித் தனியா நடந்து போறாங்க. வயசான காலத்துல அது எதுக்கு? இங்க வேலைக்கு வரச் சொல்லு. இவ்வளவு வருஷம் கழிச்சு நாங்களும் ஒரு ஆள் வெச்சுக்கலாம்னு பாக்குறோம்."

டாக்டர் வீட்டு வேலை கிடைத்து ஒன்பது நாள்தான் ஆகிறது. அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

வெளிக்கதவுவரை வந்தது நாவலாசிரியர். திரும்பி ஒருமுறை உள்ளே பார்த்துக்கொண்டார். "எனக்கு அப்ப முப்பதுகூட ஆகல. எழுதத்தான் முடிஞ்சுது," என்றார்.

அவருக்காகப் பரிதாபப்படலாம் என்று பார்த்தாள். வரவில்லை. எழுத முடிந்தது, அதை வைத்து நாற்பது வருடம் மாலை போட்டுக்கொள்ளவும் முடிந்தது. ஒரு கடப்பாரையைத் தூக்கத்தான் முடியாமல் போயிற்று.

பஸ்ஸில் இருந்தே அம்மாவைக் கூப்பிட்டாள். ஒன்று விடாமல் சொன்னாள், தண்டவாளம் உட்பட. நான் வருகிறவரை டாக்டர் வீட்டை விட்டு நகராதே என்றாள். பக்கத்தை எடுத்துவிடுகிறேன், வேலையை வாங்கிக்கொள்கிறேன், நமக்கு எதுக்கு வம்பு என்றும் சொன்னாள். அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழாயை மூடினாள் அம்மா.

"அந்தப் பொண்ணுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாளேடி. மக எங்கயோ நல்லா இருக்கான்னே நெனச்சுட்டு செத்திருப்பா."

வை, வேலை கிடக்கிறது என்று அம்மா வைத்துவிட்டாள்.

ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஆய்வேடு ஒப்படைத்தாயிற்று என்றால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. மூன்று பிரதி மூன்று ஊர்ப் பேராசிரியர்களுக்கும் ஒன்று நூலகத்துக்கும் ஒன்று அலுவலகக் கோப்புக்கும் போகும். இனிமேல் அந்த நாவலைப் படிக்கிறவன் எவனும் துவைகல்லைத் தாண்டிப் போக முடியாது. நெறியாளரின் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. அந்த மனிதரின் சோம்பேறித்தனம் ஒரு நல்ல காரியத்துக்கு உதவட்டும்.

விடுதிக்குப் போய் ஐந்தையும் அள்ளிக்கொண்டு நிர்வாகப் பிரிவில் வைத்தாள். எழுத்தர் பக்கங்களை எண்ணி முத்திரை குத்தினார். பதிவேட்டில் நேரம் எழுதி, இனி ஒரு காற்புள்ளிகூட மாத்த முடியாது, நல்லா யோசிச்சுக்கோ என்று வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். போலீஸ் கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவின் மறுகோடியில் நெறியாளர் நின்றுகொண்டிருந்தார். சிரிக்கவில்லை. காதில் போனை வைத்து, அவளையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து அவர் போனை இறக்கிய உடனே அவளுடைய போன் அடித்தது.

"குடுத்துட்டியாம்மா?" அண்ணனின் குரல். அதே தன்மை.

"குடுத்துட்டேன், ஐயா. அஞ்சு பிரதியும்."

அவள் வைக்கவில்லை. வைத்தால் பயந்ததாக ஆகிவிடும்.

"சரி. அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்கோ," என்றார்.

நெறியாளரைத் தாண்டி, படிகளை இரண்டு இரண்டாக இறங்கினாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கவில்லை. டிப்போ இருக்கும் திசையில் ஓட ஆரம்பித்தாள்.